கால்வாய் நாறும்போது சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தால் பெரும்பாலும் நாற்றத்தைப் பற்றித்தான் முறையிடுவார்கள். "மழை பெய்யாட்டித்தான் தம்பி நாறுது, பெய்தாச் சரியாகிடும்" என்று சொல்லிக்கொண்டே, சோடாப் போத்தலில் அள்ளி வந்த தண்ணீரை மேசையில் வைப்பார்கள். கவனித்தது மிகச் சரி. அள்ளி வந்ததுதான் சரியில்லை. பார்க்க வேண்டியது அடிச்சேற்றை.

அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டால் வருவது என்பது பலருக்குத் தெரியும். அது வரும் நேரத்தில் சேறு இன்னொரு வேலையையும் செய்கிறது: வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பொசுபரசைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

நீர்நிலைக்குள் வரும் நைதரசனில் ஒரு பங்கைப் பற்றீரியாக்கள் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும். பொசுபரசுக்கு அப்படி ஒரு வழி கிடையாது என்றே சொல்லலாம். ஒன்றில் கடலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சேற்றில் தங்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான பொசுபரசு வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். கேட்கச் சின்னக் கணக்குத்தான். ஆனால் அல்காக்களின் (நீரில் வளரும் பாசிகளின்) உடலில் 106 காபன் அணுவுக்கு ஒரு பொசுபரசு அணு என்ற விகிதத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு கிராமை நம்பி 40 கிராம் காபன் அளவுக்கு அல்கா வளர முடியும். கொழும்பு நகரின் நடுவிலுள்ள பேர வாவியின் பச்சை நிறத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். அந்த அல்கா செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்னும்.

சேற்றில் பொசுபரசைப் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு இரும்புக்கு. நமக்கு இரும்புக்குப் பஞ்சமில்லை. இரும்பு மிகுந்த செந்நிறக் கபுக் மண் நிறைந்த மேல் மாகாணத்தில் அடைமழை பெய்தால் களனி கங்கை செந்நிறமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துரு நிறமான அந்த இரும்புத் துகள்கள் பொசுபேற்றை (பொசுபரசு ஒட்சிசனோடு சேர்ந்திருக்கும் வடிவம்) மேலே ஒட்டவைத்துக்கொண்டு முகத்துவாரம் வரை வரும். அங்கே உப்புத் தண்ணீர் பட்டதும் திரண்டு கீழே படியும். ஒட்சிசன் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் பற்றீரியாக்கள் சுவாசிக்க அதற்குப் பதிலாக இரும்பையே பயன்படுத்தத் தொடங்கும். இரும்பு கரையும், ஒட்டியிருந்த பொசுபேற்று விடுபடும். நன்னீர்க் குளத்தில் கதை ஏறத்தாழ இவ்வளவுதான். மேல்நீரில் மறுபடி ஒட்சிசன் கிடைத்தால், கரைந்த இரும்பு திரும்பத் துகளாகிப் பொசுபேற்றில் ஒரு பங்கை மீட்டுக்கொண்டு அடியில் இறங்கிவிடும்.

கடலோரத்தில் அந்த மீட்பு சரியாக நடப்பதில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று உண்டு. ஒட்சிசன் இல்லாத சேற்றில் பற்றீரியாக்கள் அதைச் சல்பைட்டாக மாற்றும். சல்பைட்டு இரும்பைப் பிடித்துக் கறுப்பு இரும்புச் சல்பைட்டாக்கிவிடும். இரும்பு அங்கே மாட்டிக்கொண்டால் பொசுபேற்றைப் பிடிக்க ஆள் இல்லை. சல்பைட்டு எல்லாம் இரும்போடு சேர்ந்துகொண்டிருக்கும்வரை நாற்றம் பெரிதாக வெளியே வராது. மூக்குக்கு எட்டுகிறது என்றால், அந்த இடத்தில் சும்மா இருக்கும் இரும்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழையில்லாத மாதங்களில் இது கூடுவதில் அதிசயமில்லை. கொழும்பில் வற்றுப்பெருக்கில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் ஆற்றில் நீர் குறைந்தால் உப்பு வெகுதூரம் ஏறும். குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் உவர்நீர்த் தடுப்புத் தேவைப்பட்டது அதனால்தான். கால்வாய்களிலோ வாய்ப்பக்கத்தில் மணல் மேடிட்டுத் தண்ணீர் தேங்குவதும் சேர்ந்துகொள்கிறது.

சேற்றில் ஒரு பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) குழாயை இறக்கி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நல்ல இடமென்றால் மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்புப் படை, அதன் கீழே கறுப்பு. கெட்ட இடத்தில் மேலிருந்தே கறுப்பு. அதில் ஒரு துளி ஐதான அமிலம் விட்டால் அறை முழுக்க நாறும். (சாப்பாட்டு நேரத்தில் செய்யாதீர்கள், பக்கத்து அறைக்காரர் மன்னிக்க மாட்டார்.) அதே கறுப்புச் சேற்றைத் தட்டில் பரப்பிக் காற்றுப்பட வைத்தால் சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு பழுப்பாகத் தொடங்கும்.

சோடாப் போத்தல் விஷயத்துக்கும் இதுவே விளக்கம். சேற்றுக்கு மிக அருகில் எடுத்த தண்ணீர் தெளிவாக இருக்கும். காற்றுப்பட்டு ஒரு இரவு கழிந்தால் செம்மஞ்சள் தூசு படியும். கரைந்திருந்த இரும்பு துகளாகும்போது பொசுபேற்றையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். மறுநாள் அளந்தால் 'பொசுபேற்று குறைவு' என்று அறிக்கை வரும். ஆகவே எடுத்த இடத்திலேயே, காற்றுப்படாமல் வடிகட்ட வேண்டும். அறிக்கை கையில் கிடைத்தால் அலகையும் பாருங்கள்: பொசுபேற்றாகச் சொன்ன எண், பொசுபரசாகச் சொன்னதைப் போல மூன்று மடங்கு சொச்சம். இரண்டையும் கலந்து ஒப்பிட்டுச் சண்டை பிடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, சேற்றைத் தோண்டி எடுத்தால் முடிந்ததுதானே? தோண்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தோண்டிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதைத்தான் பல இடங்களில் காண்கிறோம். அடுத்த மழைக்கு அது பழைய இடத்துக்கே வந்து சேரும். எடுத்ததை அன்றைக்கே ஏற்றிப் போக வேண்டும். அதைவிட முக்கியம், புதிதாக வருவதை நிறுத்துவது. பால்டிக் கடலில் ஆறுகள் வழியாக வந்த பொசுபரசைப் பல வருடங்களுக்கு முன்பே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆழத்துச் சேறு இன்னும் விடுவதால் கோடையில் அல்கா பூப்பது நிற்கவில்லை. நம்முடைய கால்வாயில் வரவையே இன்னும் நிறுத்தியபாடில்லை.

வரவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. மலசலகூடக் குழாயை மழைநீர்க் கானோடு பொருத்திய கட்டடங்கள் நகரத்தில் இருக்கின்றன. ஒரு வாரம் மழையில்லாத பிறகு, கால்வாயில் திறக்கும் கான் வாய்களைக் காலை ஆறரை மணிக்கு ஒரு தரமும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தரமும் போய்ப் பாருங்கள். காய்ந்து கிடக்க வேண்டிய வாயில் தண்ணீர் ஓடுகிறதா, காலையில் கூடுதலாக ஓடுகிறதா, சவர்க்கார நுரை தெரிகிறதா? நேரம் தெரியும்படி படம் எடுத்து, எந்த ஒழுங்கைக்கு எதிரே என்று எழுதிக்கொண்டு வாருங்கள். போத்தல் தண்ணீரைவிட எங்களுக்கு அது உதவும்.