நன்றி சொன்னால் நெளிகிற கதாநாயகன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் இரவு எட்டரை மணித் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. தே தாரேக் என்கிற ஆற்றிய பால்தேநீர் ஆறுவதையும் மறந்து ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆற்றில் விழுந்த குழந்தையைக் கதாநாயகன் கரைசேர்த்துவிட்டான். தாய் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அவனோ அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பிழிகிறான். “யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்” என்று முணுமுணுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்புகிறான். “கல்நெஞ்சக்காரன்” என்றார் பக்கத்து மேசைப் பெரியவர், பாராட்டுகிற குரலில்.

என் கண்ணில் நின்றது அந்தச் சட்டை பிழிதல். இரும்புத்தடியால் அடி வாங்கும்போது இமைக்காதவன், ஒரு நன்றிக்கு ஏன் இப்படி நெளிகிறான்?

உளவியலாளர் வில்லியம் ஸ்வானும் அவருடைய கூட்டாளிகளும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. தம்மைத் தாழ்வாக எண்ணுபவர்களிடம், இரண்டு பேர் அவர்களைப் பற்றிச் சொன்ன மதிப்பீடுகளைக் காட்டினார்கள். ஒன்றில் புகழ்ச்சி, மற்றதில் குறை. இவர்களில் யாரைச் சந்திக்க விருப்பம் என்று கேட்டதற்கு, பெரும்பாலோர் குறை சொன்னவரையே கைகாட்டினார்கள். புகழ்ச்சி அவர்களுக்குக் கசக்கிறது என்பதில்லை. ‘நான் இன்னார்’ என்று மனத்துக்குள் பல காலமாக எழுதிவைத்த கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை. தெரிந்த தாழ்வில் ஒரு நிம்மதி இருக்கிறது; புகழ்கிறவரோ என்றைக்காவது உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம்.

அந்தக் கணக்கை எழுதுவது யார்? சுயமதிப்பு என்பது காரின் பெட்ரோல் முள் மாதிரி என்கிறது உளவியலாளர் மார்க் லியரி 1995இல் சக ஆய்வாளர்களுடன் முன்வைத்த கோட்பாடு. முள் எரிபொருள் அன்று. எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை. சுற்றியிருப்பவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதை மனம் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து டவுன் பள்ளிக்குப் போன பையனை ‘தோட்டத்துப் பையன்’ என்று தனி மேசையில் உட்காரவைத்தால் முள் இறங்கும். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தால், பிறகு தொட்டி நிரம்பினாலும் முள் ஏறுவதில்லை. கோளாறு அங்கேதான்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு, இதை விளக்கவே வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால், அடியில் இருக்கும் வளர்திசு சில ஆண்டுகளில் வழவழப்பான புதுப்பட்டையைத் தந்துவிடும். பழகாத கை ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டதோ, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகும். தடவிப் பார்த்தால் மரத்திலேயே அதுதான் மிகக் கெட்டியான இடம் என்று தோன்றும். அடுத்த முறை அங்கே கத்தியும் ஒழுங்காக ஓடாது, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் பாலும் சரியாக இறங்காது.

கதாநாயகன் அடிக்கடி சொல்கிற இன்னொரு வசனம், “எனக்கு ஒன்றும் வேண்டாம்.” துறவு மாதிரி தெரியும். 1890இலேயே உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சுயமதிப்பை ஒரு பின்னமாக எழுதினார்: மேலே அடைந்த வெற்றி, கீழே கொண்ட ஆசை. மேலே இருப்பதை உயர்த்த முடியாதவன் கீழே இருப்பதைக் குறைத்தாலும் விடை பெரிதாகும். ஆக, அந்த வசனத்தில் பாதி கணக்கு வித்தை. மீதிப் பாதியைப் பிறருக்கு உழைத்து ஈடுகட்டுகிறான். பயன்படுகிறவரை மட்டுமே தனக்கு இங்கே இடம் என்று நினைப்பவனுக்கு, உயிரைப் பணயம் வைப்பது வாடகை கட்டுவது போல.

இதைப் படித்துவிட்டு, அதட்டுகிறவர்கள் எல்லோருக்குள்ளும் ஓர் அழுகிற குழந்தையைத் தேட வேண்டாம். தொடர் எழுதுகிறவர்களுக்கு அந்தக் குழந்தை மீது அளவுகடந்த பிரியம். உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் இன்னும் இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளை அலசியபோது, வன்முறைக்குத் தாழ்வுணர்ச்சியைவிட அடிபட்ட அகந்தையே பெரிய காரணமாகத் தெரிந்தது. தன்னை மிக உயரத்தில் வைத்திருப்பவனை யாராவது சற்று இறக்கிவிட்டால் போதும். அவனையும் நம் கதாநாயகனையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றுதான்: அவனைக் குறை சொன்னால் துள்ளுகிறான், இவனைப் புகழ்ந்தால் துள்ளுகிறான்.

விளம்பரம் முடிந்தது. அடுத்த காட்சியில் கதாநாயகனின் முதுகில் ஒரு நாற்காலி உடைந்தது. அவன் இமைக்கவில்லை. கடையில் ஒரே கைதட்டல். பெரியவர் மட்டும் ஆறிப்போன தேநீரை நீட்டி, மறுபடி சூடாக ஆற்றித் தரச் சொன்னார்.