கலைக்குழு மானியம்: கணினியில் எங்கே சிக்குகிறது?

கூத்து ஜமா, நாடகக் குழு, நாட்டியப் பள்ளி ஆகியவற்றுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் தரும் உதவிகளில் இரண்டு முக்கியமானவை. குரு-சிஷ்ய பரம்பரைக்கான ரெப்பர்ட்டரி (குருவும் சிஷ்யர்களும் சேர்ந்த கலைக்குழு) மானியத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், 18 வயது நிரம்பிய சிஷ்யருக்கு 10,000 ரூபாய். சிறுவர்களுக்கு வயதைப் பொறுத்துக் குறையும். நாடகத்தில் ஒரு குருவுக்கு அதிகபட்சம் 18 சிஷ்யர், இசை, நாட்டியத்தில் 10 பேர். இன்னொன்று விழா, பயிலரங்கு, புதுத் தயாரிப்பு ஆகியவற்றுக்கானது. இதில் வழக்கமான உச்சவரம்பு 5 லட்சம். விண்ணப்பம், சரிபார்ப்பு, பணம் என எல்லாமே இப்போது இணையத்தில்தான் நடக்கின்றன. முப்பது வருடம் ஆடிய ஜமாவும் இங்கே ஒரு எழுத்துப் பிழையில் விழுந்துவிடும். அந்தக் குழிகளைத்தான் கீழே சொல்கிறோம்.

முதல் குழி, குழு என்பதற்கு என்ன சான்று என்பது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை தனி ஆளுக்கானது, அது குழுவின் பதிவு ஆகாது. சார்பதிவாளரிடம் அறக்கட்டளையாகவோ மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகவோ பதிந்திருக்க வேண்டும். விழா, தயாரிப்பு மானியத்துக்குப் பதிவாகி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் கோரும் விளம்பரம் வந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் அந்த வருடம் பயனில்லை.

குழுவை நடத்தும் வாத்தியாரின் சொந்த பான் எண்ணைக் குழுவுக்குக் கொடுப்பது அடுத்த தவறு. பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றால் அது தனிநபருடையது. அறக்கட்டளைக்கு 'டி', சங்கத்துக்குப் பெரும்பாலும் 'ஏ' இருக்கும். வங்கிக் கணக்கும் குழுவின் பெயரிலேயே இருக்க வேண்டும். 'வாத்தியார் பேரில் போட்டால் என்ன, எல்லாம் ஒரே பணம்தானே' என்று வங்கியில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது பெயரில்தான். பதிவுப் பத்திரம், பான், வங்கிப் பாஸ்புக், தர்பன் (தொண்டு நிறுவனப் பதிவேடு), பிஎஃப்எம்எஸ் (மத்திய அரசு பணம் அனுப்பும் தளம்) என ஐந்து இடத்திலும் குழுவின் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'தெருக்கூத்து' என்பதை ஓரிடத்தில் 'யு' போட்டும் இன்னோரிடத்தில் இரட்டை 'ஓ' போட்டும் எழுதியிருப்பார்கள். ஓரிடத்தில் 'டிரஸ்ட்' விட்டுப்போயிருக்கும். மனிதனுக்கு ஒரே பெயராகத் தெரிவது கணினிக்கு இரண்டு குழு. திருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. பத்திரத்தில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து முதலில் பானைத் திருத்துங்கள், பிறகு வங்கி, அதன் பிறகு தர்பன், கடைசியில் பிஎஃப்எம்எஸ். தர்பன் பானோடு ஒப்பிடுகிறது, பிஎஃப்எம்எஸ் வங்கியோடு ஒப்பிடுகிறது. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை அலைய வேண்டும்.

தர்பன் என்பது நிதி ஆயோக் நடத்தும் தொண்டு நிறுவனப் பதிவேடு. அதில் சேரக் கட்டணம் கிடையாது. ஆயிரக்கணக்கில் கேட்பவர் தன் கூலியைத்தான் கேட்கிறார். குறைந்தது மூன்று நிர்வாகிகளின் பான், ஆதார் விவரம் வேண்டும். நிர்வாகி இறந்திருந்தாலோ விலகியிருந்தாலோ பழைய பட்டியலை அப்படியே ஏற்றாதீர்கள். சங்கமாக இருந்தால் நிர்வாகக் குழு மாற்றத்தை முதலில் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

எந்தத் தளத்திலும் பிரவுசிங் சென்டர்காரரின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்கவே கூடாது. ஓடிபி அவருக்குப் போகும். அவர் கடையைக் காலி செய்தால் குழுவின் கணக்கும் அவரோடு போய்விடும், மீட்க மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, இரண்டு நிர்வாகிகளிடம் வையுங்கள்.

பிஎஃப்எம்எஸ் என்பது மத்திய அரசு பணம் அனுப்பும் வழி. அதில் பதிந்ததுமே வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். யாராவது ஒப்புதல் தரும்வரை அது அப்படியே கிடக்கும். நிலையை வாரம் ஒருமுறை பார்த்து, நிலுவை என்றே காட்டினால் அமைச்சகத்தின் உரிய பிரிவுக்குப் பதிவு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லும் 'பார்க்கிறோம்' எந்தக் கோப்பிலும் ஏறாது. பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண்ணையும் (வங்கிக் கிளையின் அடையாள எண்) நம்பாதீர்கள். பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டன. சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கியோடு சேர்ந்தது. கிளையில் கேட்டு இன்றைய எண்ணை எழுதுங்கள்.

சிஷ்யர்களின் கணக்கில் இருப்பது யாரும் எச்சரிக்காத சிக்கல். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் வருட வரவு 1 லட்சத்தையும், இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1,20,000. வருட வரவு வரம்பை அது தாண்டிவிடும். இருப்பு வரம்பை மட்டும் அரசு மானிய வரவுக்குப் பார்ப்பதில்லை. கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடித்து அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு சீடிங் (இணைப்பு) ஆனதோ அங்கேதான் போகும், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைப் பார்த்து, ஒவ்வொரு சிஷ்யருக்கும் ஒரு அச்சுப்படி எடுத்து வையுங்கள்.

நிகழ்ச்சிச் சான்றுகளை அன்றன்றே சேருங்கள். தேதியும் ஊரும் தெரியும் அழைப்பிதழ், பேனரோடு மேடைப் படம், நாளிதழ்ச் செய்தி ஆகியவை வேண்டும். தமிழ்ச் செய்தியின் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள். இரவில் ஆடும் கூத்தைக் கைபேசியில் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும், விளக்கு வெளிச்சத்தில் வேஷம் தெரியும் படம் ஒன்றாவது தேவை.

பணம் வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த மானியம் நின்றுவிடும். மானியத்தின் மேல் வங்கி கொடுத்த வட்டி குழுவுக்குச் சொந்தமில்லை. 300 ரூபாயாக இருந்தாலும் மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்காகவே மானியத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள், நிகழ்ச்சிக் கூலியோடு கலந்தால் வட்டியைப் பிரிக்க ஆடிட்டராலும் முடியாது. கட்டிய ரசீதைப் பயன்பாட்டுச் சான்றிதழோடு இணைத்து ஏற்றி, ஒரு படியைக் குழுவின் கோப்பில் போடுங்கள்.