தாக்குதிறன் தொடரில் ‘வீதம்’ ஏன் நுழைந்தது?

திருகோணமலையில் உயர்தர மாணவர் ஒருவரின் விடைத்தாளைத் திருத்தியபோது, “தாக்கவீதத் தொடரில் இலிதியம் மேலே இருப்பதால் அது சோடியத்தைவிட வேகமாக நீருடன் தாக்கம் புரியும்” என்ற வரியைக் கண்டேன். வகுப்புகளில் பலமுறை கேட்டுச் சலித்த பிழை இது. பிள்ளை சரியாகத்தான் யோசித்திருக்கிறார். நாம் கொடுத்த சொல்தான் அவரை ஏமாற்றிவிட்டது: உலோகங்களைத் தாக்குதிறன்படி அடுக்கும் பட்டியலுக்குத் ‘தாக்கவீதத் தொடர்’ என்று பெயரிட்டோம்.

‘தாக்கு’ பழைய வினைச்சொல். போர்க்கடா பின்வாங்குவதைக் குறள் ‘தாக்கற்குப் பேரும்’ தன்மை என்கிறது. அதிலிருந்து வந்த ‘தாக்கம்’ இலங்கையில் வேதிவினையைக் குறிக்கும் இரசாயனக் கலைச்சொல்லாயிற்று. ‘வீதம்’ என்றால் ஓரலகு நேரத்தில் எவ்வளவு என்ற கணக்கு.

உலோகங்களை அடுக்கும் தொடரிலோ நேரத்துக்கு இடமே இல்லை. இலத்திரனை இழக்க எந்த உலோகம் எவ்வளவு நாட்டமுடையது என்பதே அங்கு பேச்சு. அதை அளப்பது நியம மின்வாய் அழுத்தம்; அது எவ்வளவு மறையோ அவ்வளவு நாட்டம் கூட: 298 கெல்வினில், ஐதரசன் மின்வாயைப் பூச்சியமாகக் கொண்டால், இலிதியத்துக்கு −3.04 வோல்ற்று, சோடியத்துக்கு −2.71, நாகத்துக்கு (துத்தநாகம்) −0.76, இரும்புக்கு −0.44, செம்புக்கு +0.34. சிறிய இலிதியம் அயனை நீர் மூலக்கூறுகள் சூழும்போது பெருமளவு சக்தி வெளிவருவதால்தான் அது சோடியத்துக்கும் மேலே நிற்கிறது. ஆனால் நீரில் இட்டுப் பாருங்கள்: சோடியம் 98 பாகை செல்சியசிலேயே உருகுவதால் மணியாகத் திரண்டு சீறி ஓடும், உருக 180 பாகை வேண்டிய இலிதியமோ திண்மமாகவே மிதந்து நிதானமாகக் குமிழிவிடும். நம் துறைமுகத்துக்கு வரும் இரும்புக் கலங்களின் அடியில் பொருத்தும் நாகக் கட்டியும் இரும்புக்கு முந்திக் கரையும். எத்தனை மாதத்தில் கரையும் என்பதைத் தொடர் சொல்லாது.

தமிழகத்தாரைப் பின்பற்றி ‘வினைத்திறன்’ என்று சிலர் எழுதுகின்றனர். அங்கே அது பொருந்தலாம். இங்கே ‘வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை’ எழுதிய எந்த அரச ஊழியருக்கும் அச்சொல்லின் பொருள் வேறு: பணியைச் செவ்வனே செய்யும் திறமை. எதை அளக்கிறோம் என்று பாராமல் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளரும், அதை அப்படியே ஒப்புவிக்கும் ஆசிரியரும் சேர்ந்து, நாட்டத்தைச் சொல்லும் வெப்பவியக்கவியலையும் தாக்க வேகத்தையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டனர். ‘தாக்குதிறன்’ என்பதில் ஆற்றல் தெரிகிறது, வேகம் ஒட்டிக்கொள்வதில்லை.

அந்த விடைத்தாளின் ஓரத்தில் ‘வீத’த்தை வெட்டி ‘திறன்’ என்று எழுதினேன். புள்ளியைக் குறைக்க மனம் வரவில்லை.