செப்டிக் ஷாக்: ஸ்டீராய்டு எந்தக் குழந்தைக்கு?

“செப்டிக் ஷாக் வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு போடலாமா? ஒரு டாக்டர் போடுகிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் வெவ்வேறு குழந்தைகளுக்கு.

கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்துவது செப்சிஸ். ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிந்து ரத்த ஓட்டமே தடுமாறும்போது அது செப்டிக் ஷாக். குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அதற்கு முன்பே கைகால் சில்லிட்டு, பிள்ளை துவண்டுவிடும். அந்த நேரத்தில் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இதில் எனக்குப் பொறுமை கிடையாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியிலும் கையிலிருக்கும் ஆயுதங்கள் குறைவு: ஆன்டிபயாடிக், சலைன், ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள். பெரும் நம்பிக்கையோடு 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜைக்ரிஸ் என்ற செப்சிஸ் மருந்தின் குழந்தைகளுக்கான சோதனை, பயனில்லை என்று 2005இல் நிறுத்தப்பட்டது. 2011இல் மருந்தே சந்தையிலிருந்து போய்விட்டது. இப்படித் தோற்ற மருந்துகள் பல. மருந்து மோசமா, அல்லது ஒரே பெயரில் பல நோய்களைக் கலந்து வைத்துக்கொண்டு சோதிக்கிறோமா?

இரண்டாவது சந்தேகத்தைக் கையில் எடுத்தவர் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ஹெக்டர் வாங். உடலின் எல்லா செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆனால் எந்த ஜீன் இப்போது வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். வேலை செய்யும் ஜீன் ஆர்.என்.ஏ. பிரதிகளை எடுத்துத் தள்ளும்; அவற்றை அளந்தால் அந்த நிமிடத்தில் வெள்ளையணுக்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று தெரியும். ஐ.சி.யூ.வில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தை, 54,000க்கும் மேற்பட்ட அளவீட்டுப் புள்ளிகள் கொண்ட சிப்பில் ஓடவிட்டார்கள். 2009இல் வெளியான ஆய்வில் 98 குழந்தைகள். யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று கணினிக்குச் சொல்லவில்லை. ஒத்த போக்குள்ளவர்களைப் பிரி என்று மட்டும் சொன்னார்கள். மூன்று கூட்டங்கள் பிரிந்தன: ஏ, பி, சி. அதன் பிறகு ஏட்டைப் புரட்டினால், ஏ பிரிவில்தான் இறப்பு அதிகம், உறுப்புச் செயலிழப்பும் அதிகம்.

பிரிவுகளை வேறுபடுத்திக் காட்ட 100 ஜீன்கள் போதும் என்று தேறியது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. நூறு எண்களைப் பார்த்து எந்த டாக்டர் முடிவெடுப்பார்? எனவே அந்த எண்களைப் படமாக்கினார்கள். பின்லாந்தின் தெய்வோ கோஹோனென் 1982இல் விவரித்த ஒரு கணக்கு முறை இதற்கு உதவியது. ஒரு கட்டம் போட்ட பலகை. ஜீன்களை முதலில் மனம்போன போக்கில் கட்டங்களில் போடுகிறது கணினி. பிறகு எல்லாக் குழந்தைகளின் அளவுகளையும் பார்த்துப் பார்த்து, சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும் ஜீன்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நகர்த்துகிறது. வகுப்பில் சேர்ந்து பேசும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற மாதிரி. யார் எங்கே என்பது ஒருமுறை முடிவானால் அவ்வளவுதான், எந்தக் குழந்தையின் படத்திலும் அந்தக் கட்டத்தில் அதே ஜீன்கள்தான். மாறுவது நிறம் மட்டும்: மும்முரமாக இயங்கினால் சிவப்பு, அடங்கினால் நீலம். அருகருகே இருப்பவை ஒன்றாக நிறம் மாறுவதால் படத்தில் திட்டுத்திட்டாக வடிவங்கள் எழும்புகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முகம்!

கணினி உயிரியல் தெரியாத மருத்துவர்களிடம் மூன்று மாதிரிப் படங்களையும் குழந்தைகளின் தனித்தனிப் படங்களையும் கொடுத்து, எது எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். வெறும் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏ பிரிவில் அடங்கிக் கிடந்தவை எவை? ஒரு பகுதி, டி செல், பி செல் என்ற வெள்ளையணுக்கள் சார்ந்த தகவமைப்பு நோயெதிர்ப்புக்கான (ஒவ்வொரு கிருமியையும் அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்பு) ஜீன்கள். இன்னொரு பகுதி, ஸ்டீராய்டு வந்து ஒட்டும் ஏற்பியின் சமிக்ஞைப் பாதையில் இருப்பவை. ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. ஏற்கெனவே அடங்கியதை மேலும் அடக்கினால்? பிற்பாடு பிரிவுகளை ஏ, பி என்று இரண்டாகச் சுருக்கி, ஆர்.என்.ஏ.வை வண்ணப் பட்டைக்குறி ஒட்டி நேரடியாக எண்ணும் கருவியால் செய்த 2015 ஆய்வில், ஏ பிரிவில் ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்தது.

அவசரப்பட வேண்டாம். அங்கே ஸ்டீராய்டு சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்படவில்லை, டாக்டர்கள் தேவை என்று நினைத்தவர்களுக்குக் கொடுத்தது. நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நிற்கிறது என்றாலும், அது நிரூபணம் அல்ல. பிரிவும் நிலையானதல்ல. முதல் நாள் ஏயில் இருந்த சிலர் மூன்றாம் நாள் பிக்கு மாறினார்கள். மாறாமல் ஏயிலேயே நின்றவர்களின் நிலைதான் மோசம்.

எனக்கு ஒரு குறை உண்டு. 2017இல் உலகில் செப்சிஸ் கண்ட 4.89 கோடிப் பேரில் சுமார் 2 கோடிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள், பெரும்பாலும் ஏழை நாட்டுக் குழந்தைகள். இந்தப் படங்களோ அமெரிக்கக் குழந்தைகளுடையவை. டெங்குவும் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலும் ஷாக்கில் தள்ளும் நம் குழந்தைகளின் ரத்தத்திலும் இதே ஏ, பிதானா? இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது நாம்தான். சின்சினாட்டி ஏன் செய்ய வேண்டும்?

வாங் 2022இல் காலமானார். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் குலுக்கல் முறையில் சோதிக்கும் ஷிப்ஸ் என்ற பெரிய ஆய்வில், எந்தப் பிரிவுக் குழந்தைக்கு ஸ்டீராய்டு என்ற அவருடைய கேள்வியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கேள்வி அனுப்பிய வாசகருக்கு: இன்றைக்கு இந்த ஏ, பி பிரித்துப் பார்ப்பது படுக்கையருகே கிடைக்கும் டெஸ்ட் அல்ல. எந்த லேபாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.