கருப்பனின் வயிற்றுக்குள்ளே

கருப்பனுக்கு வயது 12. மன்னார்குடிப் பக்கம் வயல்வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். கொஞ்ச நாளாகச் சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி அடிபம்புக்குப் போய் நிற்கிறான். சோற்றை முகர்ந்து பார்ப்பதோடு சரி. மாட்டாஸ்பத்திரியில் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்; ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியைப் படமாக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

முந்தின ராத்திரியோடு சோறு நிறுத்தம். காலையில் வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவினார்கள். எல்லாம் காற்றுக்குப் பயந்துதான். காற்றில் பட்ட ஒலி அநேகமாக முழுதும் திரும்பிவிடும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் வயிற்றில் வைக்கும் புரோப் என்ற கைக்கருவியில் உள்ள படிகங்கள் 50 லட்சம், 1 கோடி என்று அதிரும். உடம்பின் மென்மையான திசுக்களுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். 5 செ.மீ. ஆழத்துக்குப் போய்த் திரும்ப, நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் அதில் 65 கூறு. இந்த நேரத்தை வைத்து ஆழமும், எதிரொலியின் பலத்தை வைத்து வெளுப்பும் திரையில் விழுகின்றன. சிறுநீர் கறுப்பு. கல் வெள்ளை, அதன் பின்னால் நிழல்.

கருப்பனின் பித்தப்பையில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. டாக்டர் அவனை மறுபக்கம் புரட்டினார். ஆற்று வண்டல் போல அது மெல்ல நகர்ந்தது. நகர்ந்தது நல்லது, வயசான நாய்களில் இப்படிப் படிவது சகஜம். நகராமல் பித்தம் இறுகி, குறுக்கே வெட்டிய எலுமிச்சை போலக் கோடு கோடாகத் தெரிந்தால்தான் ஆபத்து, பை வெடித்துவிடலாம். பாடப்புத்தகங்கள் இதைக் கிவிப் பழம் என்கின்றன. நம்மூருக்கு எலுமிச்சையே போதும்.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கி, ஓரம் மேடுபள்ளமாக இருந்தது. வெளிப்பட்டைக்கும் உள்பகுதிக்கும் நடுவே தெளிவாகத் தெரியவேண்டிய எல்லை கலங்கிக் கிடந்தது. நாள்பட்ட கோளாறின் முகம் இது. ஆனால் சிறுநீரகம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஸ்கேன் சொல்லாது. அதற்கு ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, சிறுநீரின் அடர்த்தி எல்லாம் பார்க்கவேண்டும்.

என்னைப் பயமுறுத்தியது மண்ணீரலில் இருந்த உருண்டைதான். சும்மா பெருத்த திசுவும் அப்படித்தான் தெரியுமாம், ரத்தக்குழாய்ப் புற்றுநோயும் அப்படித்தான் தெரியுமாம். சாம்பல் நிறத்தில் பெயர் எழுதியிருக்காது. ஊசி போட்டு உறிஞ்சியோ, மண்ணீரலையே எடுத்தோதான் ஆய்வுக்கு அனுப்பவேண்டும். வயிற்றில் எங்கும் ரத்தம் தேங்கவில்லை என்பதால் டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் சிறுநீரகத்தைக் கவனிப்போம், கட்டியை ஒரு மாதம் கழித்து மறுபடி அளப்போம் என்றார். சீட்டில் 14 மி.மீ. என்று எழுதியிருக்கிறது.