காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள்?

மழை பிடித்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் மருந்துச் சீட்டைவிட லேப் ரிப்போர்ட்தான் அதிகம் கைமாறும். நேற்று சாயங்காலம் காய்ச்சல் தொடங்கியிருக்கும். இன்று காலையில் டெங்கு, டைபாய்டு, மலேரியா, பிளேட்லெட் என்று மொத்தமாக ஒரு ‘ஃபீவர் பேக்கேஜ்’ எடுத்துக்கொண்டு வந்து, “எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு சார், ஆனா காய்ச்சல் விடல” என்பார்கள். பாதிப் பரிசோதனைகளுக்கு இன்னும் நாளே வரவில்லை என்பதை லேபில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் நான் ரிப்போர்ட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, காய்ச்சல் எந்தக் கிழமை, எந்த நேரம் ஆரம்பித்தது என்று கேட்கிறேன். “ஒரு வாரமா இருக்கு சார்” என்பது பதில் ஆகாது. நோண்டிக் கேட்டால் நான்கு நாளாக இருக்கும், சில சமயம் பத்தாக இருக்கும். காய்ச்சலில் வைத்தியம் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரைதான் நன்றாகக் காட்டும். ஐந்து நாள் தாண்டிவிட்டால், வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் என்எஸ்1 எடுத்து ‘நெகடிவ்’ என்று வந்தால், டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட் குறைவது மூன்றாம் நாள் வாக்கில்தான் தெரிய ஆரம்பிக்கும். முதல் நாள் இரண்டு லட்சம் இருந்ததை நம்பி நான்காம் நாள் சும்மா இருந்துவிடக் கூடாது.

டெங்குவில் மக்கள் ஏமாறுவது காய்ச்சல் விடும்போது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். “காய்ச்சல் விட்டுடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?” என்று கேட்கும் நேரம் அது. அடுத்த ஒன்று, இரண்டு நாட்கள்தான் ஆபத்தானவை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் சேரும். ரத்தம் கெட்டிப்படும், அதை லேப் ரிப்போர்ட்டில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, என்ற வரியில் பார்க்கலாம். அந்த எண் ஏறிக்கொண்டே போய், பிளேட்லெட் வேகமாக இறங்கினால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தொடர் வாந்தி, விடாத வயிற்றுவலி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் அடம்பிடித்து அழுவது, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றுதான். எண்பதாயிரம் என்றதும் சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்கு போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். ரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. ஐம்பதாயிரம் இருந்தும் கஞ்சி குடித்துக்கொண்டு நன்றாகச் சிறுநீர் போகிறவரைவிட, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருந்து கை சில்லிட்டுப் போனவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். பப்பாளி இலைச் சாறைப் பற்றியும் கேட்பீர்கள். ஏழெட்டு நாளில் பிளேட்லெட் தானாகவே ஏறும். அன்றைக்கு எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். கசாயம் குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை, கசாயத்தை நம்பி மறுநாள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான்.

அடுத்தது டைபாய்டு. “லேசா டைபாய்டு இருக்குன்னு லேப்ல சொன்னாங்க” என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். லேசான டைபாய்டு என்று ஒன்று கிடையாது. அவர்கள் கையில் இருப்பது வைடால் ரிப்போர்ட். 1896-இல் பிரான்ஸில் ஃபெர்னான் வைடால் கண்டுபிடித்த பரிசோதனை அது. டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கிறது, கிருமியை அல்ல. அந்த எதிர்ப்பொருள் தெரிய வருவதற்கே ஒரு வாரம் ஆகும். முன்பு எப்போதோ டைபாய்டு வந்திருந்தாலோ தடுப்பூசி போட்டிருந்தாலோ வேறு காய்ச்சல் இருந்தாலோகூட அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். இரண்டாம் நாளில் ‘1:80’ என்று குறைந்த அளவில் வந்த ஒரே ஒரு வைடாலை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. டைபாய்டு என்று சந்தேகம் வலுத்தால், முதல் வாரத்திலேயே, ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரைகூட உள்ளே போவதற்கு முன், ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுப்பதுதான் முறை. செலவு கூடுதல், முடிவு வரச் சில நாளாகும், சில சமயம் அதிலும் கிருமி பிடிபடாது. ஆனால் பிடிபட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

வைடாலை நம்பி மருந்து கொடுப்பதில் இன்னொரு நஷ்டம், உண்மையான நோய் ஒளிந்துகொள்வது. வயல் வேலை செய்யும் ஒரு அம்மா எட்டாம் நாள் காய்ச்சலோடு வந்தார். தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப்போட்டது போன்ற வலி. டைபாய்டு என்று ஐந்து நாள் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார், சூடு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. எங்கள் நர்ஸ் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் அக்குள், மார்புக்கு அடிப்பக்கம், இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாவாடை நாடா கட்டும் தடத்தில் பீடி சுட்ட வடு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு.

“இத ஏம்மா சொல்லல?”

“அது ஏதோ பூச்சி கடிச்சது டாக்டர். வலிக்கவே இல்ல, அதான் உட்டுட்டேன்.”

ஸ்க்ரப் டைபஸ். புல், புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, ஆடை இறுகும் மடிப்புகளில் இருக்கும், அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம், இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. விலை குறைந்த பழைய மாத்திரை. செஃபிக்ஸிம் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் செல்லாது. தள்ளிப்போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். வெள்ளத்தில், சேற்றில் நின்றவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். இதற்கெல்லாம் முதலில் வேண்டியது தொட்டுப் பார்ப்பதுதான். எட்டு நாள் காய்ச்சலுக்குச் சட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்காத டாக்டரிடம், “ஒருமுறை உடம்ப பார்த்துடுங்க சார்” என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு ஊரில் கெட்ட பெயர் உண்டு. “அந்த டாக்டர் ஊசியே போட மாட்டார்.” ஒரே ராத்திரியில் காய்ச்சலை விரட்டும் ‘ரெட்டை ஊசி’யில் பல இடங்களில் இருப்பது டிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். முதலாவது டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டாவது சூட்டை மறைத்து நோயை உள்ளே ஓடவிடும், நாள் கணக்கும் குழம்பிப்போகும். குளுக்கோஸ் பாட்டிலும் அப்படித்தான். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாயால் குடிக்க முடிகிறவருக்கு உப்பு போட்ட கஞ்சித் தண்ணீரும் ஓஆர்எஸ்ஸும் அதைவிட மேல்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அளவு சரியாக இருந்தால். குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு வகை கடையில் இருக்கிறது. பத்துக் கிலோ குழந்தைக்கு முதலாவது 6 மில்லி, இரண்டாவது 3 மில்லி. பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கிப் பழைய அளவிலேயே ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும்.

சில பேருக்கு இந்த நாள் கணக்கெல்லாம் பொருந்தாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வலிப்பு வந்தவர், கழுத்தை மடக்க முடியாதவர், மூச்சு வாங்குகிறவர், இவர்களை முதல் நாளே காட்டிவிட வேண்டும். மற்றபடி, நன்றாகக் குடித்துக்கொண்டு தெம்பாக இருக்கிறவருக்கு இரண்டு நாள் வரை பாராசிட்டமாலோடு பொறுக்கலாம்.

வரும்போது காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் காலண்டரிலோ போனிலோ குறித்துக்கொண்டு வாருங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள், காலியாக இருந்தாலும் சரி. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதலே விதி இருக்கிறது. இருந்தும் கத்தரித்த மாத்திரைகள் காகித உறையில்தான் வருகின்றன. அப்படி வாங்கியிருந்தால், அதே கடையில் கேட்டு உறையின் மேலேயே பெயரை எழுதி வாங்கி வாருங்கள். “வெள்ள மாத்திரை ஒண்ணு, மஞ்ச மாத்திரை ஒண்ணு” என்றால் என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.