நினைவுச் சாய்வு: சொல் விளக்கம்

இடைவேளையில் கன்ரீன் வரிசையில் தோளோடு தோள் படுகிறது. ஒருவன் மற்றவனை அடித்துவிடுகிறான். அதிபர் அறையில் கேட்டால் அடித்தவன், "அவன் வேணுமெண்டு இடிச்சவன், சேர்" என்பான். பார்த்து நின்ற மூவரும் "தெரியாமல் பட்டது" என்கிறார்கள். உடனே ஆசிரியரின் குறிப்பில் "பொய் சொல்கிறான்" என்று ஏறுகிறது. பெரும்பாலும் பிழைபோவது இந்தக் குறிப்பில்தான். அவன் சொல்வது அவனுக்கு உண்மை. நினைவு ஒரு பக்கம் சரிந்து பதிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'மெமரி பயஸ்' என்பார்கள்.

'பயஸ்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலப்பொருள் சரிவு, குறுக்குச் சாய்வு. புல்தரையில் பந்துருட்டும் ஆட்டத்தில் ஒரு பக்கம் பாரம் கூடிய பந்தை நேரே உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். அந்தப் பாரத்துக்கும் வளைவுக்கும் 'பயஸ்' என்றே பெயர். உருட்டியவர் வளைக்க நினைக்கவில்லை, பந்தின் அமைப்பு அப்படி. உளவியல் எடுத்துக்கொண்ட பொருளும் இதுதான்.

நமது பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் இதற்குப் 'பக்கச்சார்பு' என்று எழுதுகிறார்கள். நடுவருக்கும் செய்தியாளருக்கும் அது பொருந்தும். அறிந்தே ஒரு பக்கம் சேர்வது அதில் தொனிப்பதால் பதினான்கு வயதுப் பிள்ளையின் நினைவுக்கு அது பொருந்தாது. பழைய சொல் 'கோட்டம்'. 'ஒருபால் கோடாமை' என்று குறள் 118 தராசுக் கோலைச் சொல்கிறது. 119இல் 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' இரண்டும் உண்டு. பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் 'நினைவுக் கோட்டம்' என்று எழுதினால் இன்றைய வாசகர் நினைவு மண்டபம் என்றே எடுப்பார். ஆகவே 'நினைவுச் சாய்வு'.

இப்படி அடிக்கும் பிள்ளையைப் பற்றிய பேச்சில் கூடவே வரும் 'அன்ரிசோசல்' இன்னும் சிக்கலானது. பேச்சில் அதை ஆட்களோடு பழகாதவர் என்ற பொருளில் வழங்குகிறோம். அது வேறு, ஒதுங்கியிருத்தல். இங்கே கருதப்படுவது அடித்தல், களவு, பொருள் உடைத்தல் போலப் பிறர் உரிமையை மீறும் நடத்தை. 'சமூகவிரோத நடத்தை' என்பது சரியான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் 'சமூகவிரோதி' என்று ஆளுக்குப் பெயராக்கக் கூடாது. 1980களில் யாழ்ப்பாணத்தில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் எழுதித் தொங்கவிட்ட சொல் அது. பிள்ளையின் கோவையில் அதற்கு இடமில்லை. மருத்துவமும் அப்படிப் பெயரிடுவதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின்படி சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்ற முடிவை 18 வயதுக்கு முன் எடுக்க முடியாது. கட்டிளமைப் பருவத்தினருக்குப் பொருந்துவது 'நடத்தைக் கோளாறு': பட்டியலிட்ட 15 நடத்தை அளவைகளில் குறைந்தது 3 கடந்த 12 மாதத்திலும், அவற்றில் ஒன்றாவது கடைசி 6 மாதத்திலும் இருக்கவேண்டும்.

சாய்வு எங்கே நுழைகிறது? அமெரிக்க உளவியலாளர் கென்னத் டொட்ஜ் 1980இல் சிறுவர்களிடம் ஆராய்ந்தார். தான் பொருத்திய படத்துண்டுகளை இன்னொருவன் குலைத்தால் என்ன நினைக்கிறார்கள் என்பதே கேள்வி. நோக்கம் தெளிவாக இருந்தபோது முரட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களைப்போலவே நடந்தார்கள். நோக்கம் தெளிவில்லாதபோதுதான் அதைப் பகை என்று கொண்டார்கள். 'வேணுமெண்டு' என்ற நம் ஊர்ச்சொல் அந்த முடிவையே குறிக்கிறது. 1994இல் உளவியலாளர் நிக்கி கிரிக்கும் டொட்ஜும் இதை ஆறு படிகளாக்கினர்: நடப்பதன் குறிப்புகளை மனதில் பதித்தல், பொருள்கொள்ளல், இலக்கு வைத்தல், பதில்களைத் தேடல், ஒன்றைத் தெரிதல், செய்தல். முதலிரண்டு படியில் சரிந்தது நினைவிலும் சரிந்தே கிடக்கும். அடுத்தமுறை அந்த நினைவே முதற்படிக்குக் குறிப்பாகிறது.

அதனால் "ஏன் அடிச்சனீ?" என்று தொடங்க வேண்டாம். 'ஏன்' நியாயத்தைத்தான் கொண்டுவரும். "வரிசைக்கு வந்ததிலிருந்து சொல்லு, நீ கண்டது என்ன, கேட்டது என்ன?" என்று கேட்டு, இடைமறிக்காமல் அவன் சொற்களிலேயே எழுதுங்கள். அன்றைக்கே கேட்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இறுகிவிடும்.

நினைவை நம்பியிராமல், பிள்ளை தன் நடத்தையைத் தானே அவ்வப்போது கவனித்துக் குறிப்பதும் ஒரு வழி. 'செல்ஃப் மொனிற்றரிங்' எனப்படும் இதைத் 'தன்கண்காணிப்பு' என்கிறோம். மொனிற்றர் என்பதன் இலத்தீன் வேர் எச்சரித்தலைக் குறிக்கும். கண்காணி என்ற சொல்லோ மலையகத் தோட்டத்துக் கங்காணியையும் நினைவூட்டுவது. கட்டுரையில் அது இருக்கட்டும், பிள்ளையிடம் "உன்னை நீயே கவனிக்கிற அட்டை" என்று சொல்லுங்கள்.

அட்டையில் ஒரே ஒரு நடத்தை, கண்ணால் காணக்கூடியதாக. "நல்லாய் இருந்தேன்" உதவாது. "கை நீட்டவில்லை" உதவும். ஒவ்வொரு பாடமும் முடிந்து மணி அடித்தவுடன் ஒரு குறி. பாடசாலை விட்டபின் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து நிரப்பினால் அது கவனிப்பல்ல, நினைவு. சாய்வு முழுதாக உள்ளே வந்துவிடும். ஆசிரியரும் தனியே குறியிட்டு நாளிறுதியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் புள்ளி நன்னடத்தைக்கு அல்ல, இரு குறிகளும் ஒத்துப்போவதற்கு. "அடித்தேன்" என்று உண்மையாகக் குறித்தவனுக்கும் புள்ளி உண்டு. அந்தக் குறியையே காட்டித் தண்டித்தால் அடுத்தநாள் அட்டை முழுதும் 'சரி' அடையாளம்தான் இருக்கும். குறிகள் நிலையாக ஒத்துவந்தபின் ஆசிரியரின் ஒப்பீட்டைக் குறைக்கலாம்: தினமும் இருந்ததைக் கிழமைக்கு இரண்டு நாளாக, எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமல்.